எந்த அலமாரியில் இருந்தாலும் நாவல்தான்

எங்கள் ஊர்க் குகைக்கோயிலைக் குடைவித்த மன்னன் ஒரு திருட்டுக் கதையும் எழுதியிருக்கிறான். சீயமங்கலம் ஸ்தம்பேசுவரர் கோயிலின் கருவறை ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதலாம் மகேந்திரவர்மன் பாறையில் வெட்டியது. அங்கே தூணில் இருக்கும் வடமொழிக் கல்வெட்டு அவனை லளிதாங்குரன் என்றும், கோயிலை அவனிபாஜன பல்லவேசுவரம் என்றும் சொல்கிறது. அதே மகேந்திரன் எழுதியதுதான் ‘மத்தவிலாசம்’ என்னும் நகைச்சுவை நாடகம். காஞ்சிபுரத்தில் ஒரு காபாலிகனின் கபால ஓடு காணாமல் போகிறது. அவன் ஒரு பௌத்த பிக்குவைச் சந்தேகப்படுகிறான். தெருவில் சண்டை, வாக்குவாதம், நடுவில் நியாயம் பேச வரும் பாசுபதன் ஒருவன். கடைசியில் ஒரு பைத்தியக்காரன் அந்த ஓட்டைக் கொண்டுவருகிறான். எடுத்துப் போனது ஒரு நாய்.

இந்த நாடகத்தை எல்லோரும் சமயப் பூசலைக் கேலி செய்யும் படைப்பாகவே வாசிக்கிறார்கள். அது சரிதான். ஆனால் துப்பறியும் கதைகளையே நாளெல்லாம் கையில் எடுத்துக் கொடுத்துப் பழகிய எனக்கு வேறொன்று கண்ணில் படுகிறது. ஓட்டைக் காணோம் என்று தெரிந்த அந்த நிமிடத்திலேயே காபாலிகன், அதில் வறுத்த இறைச்சி இருந்தது, எடுத்தது நாயாக இருக்கலாம் அல்லது பிக்குவாக இருக்கலாம் என்று சொல்லிவிடுகிறான். அதாவது உண்மையான திருடனை ஆசிரியன் முதலிலேயே நம் முன்னால் நிறுத்திவிட்டான். நாம்தான் பிக்குவின் பின்னால் போகிறோம். ஒரு நல்ல துப்பறியும் கதை செய்ய வேண்டிய வேலை இதுதான். அதை எங்கள் ஊரோடு தொடர்புள்ள ஒரு மன்னன் ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன்பே செய்திருக்கிறான் என்பதில் எனக்குப் பெருமை உண்டு.

நான் செஞ்சிப் பக்கத்துக் கிளை நூலகங்களில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இப்போது சீயமங்கலத்தில் இருந்துகொண்டு நாவல்களுக்கு மதிப்புரை எழுதுகிறேன். குற்றம், மாயம், அறிவியல், இலக்கியம் என்று எந்த வகையானாலும் எழுதுவேன். ‘இதையெல்லாமா சார் படிக்கிறீங்க’ என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இந்தக் கட்டுரை.

செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் மூட்டை தூக்கும் ஒருவர் நூலகத்துக்கு வருவார். நெல் வரத்து அதிகமுள்ள நாட்களில் வரமாட்டார். மற்றபடி தலைத்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நேராக மாத நாவல் அலமாரிக்குத்தான் போவார். ஒருநாள் ஒரு நாவலைத் திருப்பிக் கொடுக்கும்போது முகம் சுண்டியிருந்தது. ‘என்னங்க, பிடிக்கலையா?’ என்றேன்.

‘இவுரு நாயமா எழுதல சார். கடசி நாலு பக்கத்துல புதுசா ஒரு டாக்டர உள்ள வுட்டு, அவன்தான் கொல பண்ணான்றாரு. அதுவரைக்கும் அந்த ஆளு எங்க சார் இருந்தான்? நாம எப்பிடி கண்டுபுடிக்கிறது?’

இங்கிலாந்தில் ரொனால்ட் நாக்ஸ் என்றொரு கத்தோலிக்கப் பாதிரியார் இருந்தார். துப்பறியும் கதைகளும் எழுதியவர். 1929-ல் அவர் துப்பறியும் கதைக்குப் பத்து விதிகள் வகுத்தார். குற்றவாளி கதையின் தொடக்கப் பகுதியிலேயே வாசகர் கண்ணில் பட்டிருக்க வேண்டும் என்பது அவற்றில் முதலாவது. அந்தப் பாதிரியாரின் பெயரைக்கூடக் கேள்விப்படாத ஒரு சுமைத் தொழிலாளி, படித்துப் படித்தே அந்த விதிக்கு வந்து சேர்ந்திருந்தார். நான் பார்த்த மிகச் சுருக்கமான, மிக நேர்மையான நாவல் மதிப்புரை அது. ஆனால் அவர் சொன்னது அந்த நாவலை எழுதியவர் காதுக்குப் போகவே இல்லை. போக வழியும் இல்லை.

தமிழில் குற்றக் கதைகளுக்கு வாசகர் இருக்கிறார்கள், பதிப்பு இருக்கிறது, மதிப்புரை மட்டும் இல்லை. இந்தக் குறை இன்று நேற்று வந்ததல்ல. எங்களுக்குப் பக்கத்து ஆரணியிலிருந்துதான் இதைத் தொடங்க வேண்டும். ஆரணி குப்புசாமி முதலியார் (1866–1925) ‘ஆனந்தபோதினி’யின் ஆசிரியராக இருந்தவர். ரெய்னால்ட்ஸ் போன்றவர்களின் ஆங்கில நாவல்களைத் தழுவித் தமிழில் ஏராளமாக எழுதினார். ஷெர்லாக் ஹோம்ஸ் அவர் கையில் ஆனந்தசிங் ஆனார். அவர் காலத்திலேயே ஜே. ஆர். ரங்கராஜுவின் துப்பறியும் கோவிந்தன் வந்துவிட்டார். பிறகு வடுவூர் துரைசாமி ஐயங்காரின் திகம்பர சாமியார். தமிழில் நாவல் படிக்கும் பழக்கத்தை வீடு வீடாகக் கொண்டுபோனவர்கள் இவர்கள். அதற்கான நன்றியை இலக்கிய வரலாறுகள் ஒரு பத்தியில் முடித்துக்கொள்கின்றன.

பின்னால் வந்த விமரிசகர்கள் வேறு போராட்டத்தில் இருந்தார்கள். க. நா. சுப்ரமண்யம் உலக இலக்கியத் தரத்தை இங்கே நிலைநாட்டப் பாடுபட்டார். சி. சு. செல்லப்பா 1959-ல் ‘எழுத்து’ பத்திரிகையைத் தொடங்கினார். தொடர்கதைப் பெருவெள்ளத்தில் நல்ல எழுத்து மூழ்கிவிடக்கூடாது என்று அவர்கள் கட்டிய கரை அன்று தேவைப்பட்டது. எனக்கு அவர்கள் மேல் மரியாதை குறையவில்லை. ஆனால் அந்தக் கரைக்கு அந்தப் பக்கம் நின்ற எழுத்தை யாரும் எட்டிப் பார்க்கவே இல்லை. ரசிகர்கள் புகழ்ந்தார்கள், விமரிசகர்கள் மௌனமாக இருந்தார்கள். கண்டிக்கப் பெரியவர் இல்லாத வீட்டுப் பிள்ளை போல நம் குற்ற நாவலும் அறிவியல் நாவலும் வளர்ந்தன. சில இடங்களில் அபாரமான துடிப்பு, சில இடங்களில் திருத்த ஆளில்லாத சோம்பல்.

நூலகத்தில் ஒவ்வொரு புத்தகத்திலும் ஒரு தாள் ஒட்டியிருக்கும். திருப்பித் தரவேண்டிய தேதியை அதில் முத்திரை குத்துவோம். விருது வாங்கிய சில நாவல்களில் அந்தத் தாள் வெள்ளையாகவே கிடக்கும். ராஜேஷ்குமார், பட்டுக்கோட்டை பிரபாகர், சுபா, இந்திரா சௌந்தர்ராஜன் நாவல்களில் தாள் நிரம்பி, அதன்மேல் இன்னொரு தாள் ஒட்டி, அதுவும் நிரம்பியிருக்கும். பைண்டிங் விட்டுக் கடைசிப் பாரம் கழன்று போயிருக்கும். முடிவு இல்லாத நாவலைப் படித்துவிட்டுக் கொலையாளி யார் என்று இருவர் திண்ணையில் உட்கார்ந்து வாதாடியதை நான் கேட்டிருக்கிறேன். ஒருவர் மருமகன் என்றார், மற்றவர் வக்கீல் என்றார். இருவரும் பக்க எண்ணைச் சொல்லிச் சாட்சி காட்டினார்கள். இதைவிடக் கவனமான வாசிப்பை எந்தக் கருத்தரங்கிலும் நான் பார்த்ததில்லை.

அதற்காக, அதிகம் படிக்கப்படுவதெல்லாம் நல்ல நாவல் என்று சொல்ல வரவில்லை. ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேல் நாவல் எழுதிய ராஜேஷ்குமாரை எப்படி மதிப்பிடுவது? எல்லாவற்றையும் ஒரே மூச்சில் தள்ளுவதும் தவறு, ஒரே மூச்சில் கொண்டாடுவதும் தவறு. தனித்தனியாக எடுக்க வேண்டும். முதல் அத்தியாயத்தில் ஒரு கேள்வியை நட்டுவிட்டு வாசகரை அடுத்த பக்கத்துக்கு இழுப்பதில் அவருக்கு இணை அரிது. பல நாவல்களில் முடிவு அந்தத் தொடக்கத்துக்கு ஈடு கொடுப்பதில்லை. இதைச் சொல்ல மாத நாவல் படித்திருக்க வேண்டும், முடிவுவரை படித்திருக்க வேண்டும். படிக்காமலே ‘வணிக எழுத்து’ என்று ஒதுக்குபவர் மதிப்புரையாளர் அல்லர்.

சுஜாதா இந்தக் கரையைப் பலமுறை தாண்டியவர். ‘கரையெல்லாம் செண்பகப்பூ’வில் நாட்டுப்பாடல் ஆராய வரும் இளைஞனும் கிராமத்துக் கொலையும் ஒரே கதையில் இயல்பாகப் பொருந்துகின்றன. கொலையை எடுத்துவிட்டாலும் அந்தக் கிராமம் நினைவில் நிற்கும். கிராமத்தை எடுத்துவிட்டால் கொலைக்கு அர்த்தம் இல்லை. குற்ற நாவலை எடைபோட நான் பயன்படுத்தும் அளவு இதுதான். அந்தக் குற்றம் அந்த மண்ணில், அந்த மனிதர்களிடையே மட்டும்தான் நடக்க முடியுமா? எந்த ஊரில் வேண்டுமானாலும் நடக்கும் என்றால் அது புதிர் மட்டும்.

இந்த அளவை வைத்துப் பார்த்தால், அண்மைக் காலத்தில் என்னை மிகவும் உலுக்கிய குற்ற நாவல், குற்ற நாவல் என்று யாரும் சொல்லாத ஒன்று. இமையத்தின் ‘செல்லாத பணம்’. 2018-ல் வந்தது, 2020-ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதமி விருது பெற்றது. பொறியியல் படித்த ரேவதி, ஆட்டோ ஓட்டும் ரவியைக் காதலித்து வீட்டை எதிர்த்துக் கல்யாணம் செய்துகொள்கிறாள். பிறகு ஒருநாள் தீக்காயங்களோடு புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனைக்குக் கொண்டுவரப்படுகிறாள். அவளே கொளுத்திக்கொண்டாளா, அவன் கொளுத்தினானா? நாவலின் பெரும்பகுதி தீக்காயப் பிரிவின் வாசலிலேயே நடக்கிறது. அப்பா நடேசனிடம் பணம் இருக்கிறது. எந்தக் கவுன்டரிலும் அந்தப் பணத்தால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

செஞ்சி, தேசூர், வந்தவாசி பக்கத்து மக்களுக்கு ஜிப்மர் வாசல் புதிதல்ல. பாயை விரித்துக்கொண்டு, தூக்குச் சட்டியை மடியில் வைத்துக்கொண்டு, உள்ளேயிருந்து பெயர் கூப்பிடுவார்களா என்று காத்திருந்த அனுபவம் எங்கள் பக்கத்தில் பல வீடுகளுக்கு உண்டு. அந்தக் காத்திருப்பை இமையம் எழுதியிருக்கும் விதத்தில் ஒரு பொய் இல்லை. ஒரே புலம்பல் திரும்பத் திரும்ப வருகிறது என்று இந்த நாவலைக் குறை சொல்லலாம். மருத்துவமனை வாசலில் அம்மாக்கள் அப்படித்தான் பேசுவார்கள், சொன்னதையே சொல்வார்கள். இருந்தாலும் நடுப்பகுதியில் சில பக்கங்களைக் குறைத்திருக்கலாம் என்பதே என் அபிப்பிராயம். போலீஸ் விசாரணையையும் வாக்குமூலத்தையும் இவ்வளவு கூர்மையாக எழுதிய நாவலைத் துப்பறியும் நாவல் வாசகர்களுக்கு யாரும் சிபாரிசு செய்யவில்லையே என்பதுதான் என் வருத்தம். நான் செய்தேன். விற்பனைக்கூடத்துச் சுமைத் தொழிலாளி படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, ‘இதுல கண்டுபுடிக்கிறதுக்கு ஒண்ணும் இல்ல சார், எல்லாருந்தான் பண்ணியிருக்காங்க’ என்றார்.

இனி மாயக் கதைக்கு வருகிறேன். இங்கிலீஷில் இதற்கென்று தனி அலமாரி, தனி விருது எல்லாம் உண்டு. தமிழில் அப்படி இல்லாததால் நமக்கு அந்த வகையே இல்லை என்று சிலர் நினைக்கிறார்கள். செஞ்சிக்காரனிடம் அப்படிச் சொல்ல முடியாது. செஞ்சியை ஆண்ட ராஜா தேஜ்சிங் 1714-ல் ஆர்க்காட்டு நவாபின் படையோடு மோதி மாண்டபோது அவருக்கு இருபது வயதுக்குச் சற்றே கூட. அந்த ஒரு சண்டையிலிருந்து எங்கள் பாட்டுக்காரர்கள் ஒரு முழுக் கதையை எழுப்பினார்கள். டில்லி பாதுஷாவின் அடங்காக் குதிரையை ஒரு சிறுவன் அடக்கித் தகப்பனை மீட்கும் கதை அது. பெரிய எழுத்துப் புத்தகமாகச் சந்தையில் விற்றது. இன்று செஞ்சியின் ராஜகிரிக் கோட்டை யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்றுவிட்டது. 2025 ஜூலையில் மராட்டிய ராணுவ நிலக்காட்சிகள் என்ற தொகுப்பில் செஞ்சியும் சேர்ந்தது. கோட்டை பார்க்க வருபவர்கள் இன்னும் கேட்பது வரலாற்றுத் தேஜ்சிங்கை அல்ல, பாட்டில் வரும் தேசிங்கைத்தான்.

நவீன நாவலில் இந்த மாயம் பல ரூபத்தில் வந்திருக்கிறது. ஜெயமோகனின் ‘விஷ்ணுபுரம்’ 1997-ல் ஒரு முழுக் கற்பனை நகரத்தையே கட்டியது. அவருடைய ‘வெண்முரசு’ 2014 முதல் 2020 வரை 26 நாவல்களாக மகாபாரதத்தைத் திரும்ப எழுதியது. யுவன் சந்திரசேகர் ‘பகடையாட்ட’த்தில் இமயத்தில் இல்லாத ஒரு நாட்டை இருப்பதுபோல் காட்டினார். சு. வெங்கடேசனின் ‘வேள்பாரி’ ஆனந்த விகடனில் தொடராக வந்தபோது நூலகத்தில் விகடனுக்கு வரிசை நின்றது. எங்கள் பக்கத்துச் சம்புவராயர்களைப் பற்றித் தமிழ்மகன் ‘படைவீடு’ எழுதியிருக்கிறார். ஆரணி பக்கத்துப் படவேட்டுக்கு ஆடி மாதம் அம்மனைக் கும்பிடப் போகிறவர்கள், அங்கே ஒரு தலைநகரம் இருந்ததைத் தெரிந்துகொள்ள அந்த நாவலை ஒருமுறை புரட்டலாம்.

ஆனால் நான் அதிகம் பேச விரும்புவது ஒரு சின்ன நாவலைப் பற்றி. பெருமாள்முருகனின் ‘பூனாச்சி அல்லது ஒரு வெள்ளாட்டின் கதை’. அதன் பின்னணி தெரியாமல் அதைப் படிக்கக்கூடாது. 2010-ல் வந்த ‘மாதொருபாகன்’ நாவலுக்கு 2014 இறுதியில் எதிர்ப்புக் கிளம்பியது. 2015 ஜனவரியில் அவர் எழுத்தையே நிறுத்துவதாக அறிவித்தார். 2016 ஜூலையில் சென்னை உயர்நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. அதற்குப் பிறகு வந்த நாவல் இது. மனிதர்களைப் பற்றி எழுத அச்சம், தெய்வங்களைப் பற்றி எழுத அதைவிட அச்சம் என்று முன்னுரையிலேயே சொல்லிவிட்டு, அசுரர்கள் வாழும் ஒரு நாட்டையும் அங்கே ஒரு கறுப்பு வெள்ளாட்டுக் குட்டியையும் எடுத்துக்கொண்டார். அந்த நாட்டில் ஆட்டுக்குட்டிக்குக்கூட அரசாங்கத்திடம் கணக்குக் காட்டிக் காது குத்தி அடையாளம் போட வேண்டும். வரிசையில் நிற்க வேண்டும். வரிசையில் நிற்கும்போது வாய் திறக்காமல் இருப்பது நல்லது.

எங்கள் தெருவில் ஆடு வளர்க்கும் ஒரு பெரியம்மா இருக்கிறார். எழுத்து தெரியாது. மாலையில் குட்டிகளுக்குக் கொடுக்காப்புளித் தழை கட்டிவிட்டு என் வீட்டுத் திண்ணைக்கு வருவார். நான் படித்துக் காட்டுவேன். பூனாச்சி ஓர் ஈத்தில் பிறந்த ஏழு குட்டிகளில் ஒன்று என்ற இடம் வந்ததும் நிறுத்தச் சொன்னார்.

‘ஏழு குட்டி போடாது தம்பி. மூணு போட்டாலே ஒண்ணு நிக்காது.’

‘கதைதானே பெரியம்மா.’

‘கதைன்னாலும் போடாது.’

சரி, இதோடு எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. தாயில்லாத அந்தக் குட்டியைப் பிழைக்கவைக்க, அதை வளர்க்கும் கிழவி படும் பாடு, வேறொரு ஆட்டிடம் பால் குடிக்க விடுவதற்குச் செய்யும் தந்திரம், குட்டியின் வயிற்றைத் தொட்டுப் பார்த்துப் பசி அறிவது என்று ஒவ்வொன்றாக வர வர அவர் முகம் மாறியது. ‘இந்தக் கெழவி பண்றதெல்லாம் நெசம்தான். எழுதுனவரு ஆடு மேச்சிருக்காரா?’ என்று கேட்டார். விவசாயக் குடும்பம் என்றேன். ‘அதான பாத்தேன். மேல படி’ என்றார். பிறகு ஏழு குட்டி அவருக்கு ஒரு பொருட்டாகவே இல்லை. பூனாச்சியின் காதைக் குத்தும் இடத்தில் தன் காதைத் தடவிக்கொண்டார்.

மாயக் கதையை மதிப்பிடுவது எப்படி என்று எனக்குக் கற்பித்தது அந்த மாலைதான். நடக்க முடியாத ஒன்றை ஆசிரியர் தாராளமாகச் சொல்லலாம். அதைச் சுற்றி நடப்பதெல்லாம் அச்சு அசலாக இருந்தால் வாசகர் அந்த ஒன்றையும் ஏற்றுக்கொள்வார். தமிழில் வரும் பல மாய நாவல்கள் விழுவது இங்கேதான். மந்திரவாதியையும் புதையலையும் விரிவாக எழுதுகிறார்கள். மந்திரவாதி என்ன சாப்பிட்டான், புதையல் தோண்டிய மண்வெட்டி யாருடையது என்று எழுதுவதில்லை. பெருமாள்முருகனிடம் அந்தத் தவறு இல்லை. அவர் நாவலின் குறை வேறு. பூனாச்சியின் மனதுக்குள் ஓடும் சில எண்ணங்கள் ஆட்டின் எண்ணங்களாக இல்லாமல் நம் எண்ணங்களாகிவிடுகின்றன. பெரியம்மாவும் அதைக் கண்டுபிடித்தார்: ‘ஆடு இவ்ளோ ரோசன பண்ணாது.’

அறிவியல் நாவலில் நமக்குக் கிடைத்திருப்பது குறைவு, அதனால் அக்கறை அதிகம் தேவை. சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’ விகடனில் எண்பதுகளில் வந்தது. கதை நடப்பது 2021-ல். அந்த ஆண்டு வந்தும் போய்விட்டது. ஜீவா என்ற சர்வாதிகாரியின் நாடு, பிள்ளை பெற அனுமதிச் சீட்டு, சிந்திக்கக் கற்றுக்கொள்ளும் ஜீனோ என்ற இயந்திர நாய். எதிர்காலத்தைச் சரியாகச் சொன்னாரா என்று பார்ப்பது வீண் வேலை. ஜீனோ சிந்திப்பதை எடுத்துவிட்டால் கதையே நிற்காது. அறிவியல் அங்கே அலங்காரம் இல்லை, தூண். அதனால்தான் அது இன்றும் படிக்கக்கூடிய நாவல்.

திருவண்ணாமலை வம்சி புத்தகங்கள் 2012-ல் வெளியிட்ட க. சுதாகரின் ‘6174’ அந்த வரிசையில் முக்கியமானது. தலைப்பே ஒரு கணக்கு. நாசிக் பக்கத்துத் தேவ்லாலியில் பள்ளி ஆசிரியராக இருந்த கப்ரேக்கர் கண்டுபிடித்து, 1949-ல் சென்னையில் நடந்த கணித மாநாட்டில் அறிவித்த எண் அது. நாலு இலக்கமும் ஒன்றாக இல்லாத ஏதாவது ஒரு நாலு இலக்க எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். தேசிங்கு மாண்ட 1714-ஐயே எடுப்போம். இலக்கங்களைப் பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கினால் 7411. சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கினால் 1147. கழித்தால் 6264. மறுபடி 6642-லிருந்து 2466 போனால் 4176. மறுபடி 7641-லிருந்து 1467 போனால் 6174. இதற்குமேல் எத்தனை தடவை செய்தாலும் 6174 மாறாது. எந்த எண்ணில் தொடங்கினாலும் ஏழு கழித்தலுக்குள் அங்கே வந்து நின்றுவிடும். விடுமுறைக்கு நூலகத்துக்கு வந்த பிள்ளைகளிடம் இதைக் கரும்பலகையில் போட்டுக் காட்டினேன். பிறந்த வருஷம், வண்டி நம்பர், பஸ் டிக்கெட் நம்பர் என்று ஒவ்வொன்றாகக் கழித்துப் பார்த்துக் கத்தினார்கள். அன்றைக்கே அந்த நாவல் இரவல் போய்விட்டது.

நாவலைப் பற்றி என் தீர்ப்பு இது: லெமூரியா, படிகம், கணிதப் புதிர் என்று தமிழில் அதுவரை ஒன்றாகக் கலக்காதவற்றைத் துணிந்து கலந்திருக்கிறார். வேகம் குறைவதே இல்லை. ஆனால் பல இடங்களில் பாத்திரங்கள் ஒருவருக்கொருவர் பாடம் நடத்துகிறார்கள். தகவல் கதையை முந்திக்கொண்டு ஓடுகிறது. அதன் பிறகு வந்த ‘7.83 ஹெர்ட்ஸ்’ நாவலையும் படித்துவிட்டு இரண்டையும் ஒப்பிட்டு எழுத வேண்டியவர்கள் நம் அறிவியல் ஆசிரியர்கள். இந்த எண் என்ன, அது பூமியின் மின்காந்த அதிர்வோடு எப்படிச் சம்பந்தப்பட்டது, நாவலாசிரியர் அதில் எவ்வளவு நீட்டியிருக்கிறார் என்று அவர்களால் சொல்ல முடியும். தமிழ்ப் பேராசிரியர்களை மட்டும் நம்பி அறிவியல் நாவல் வளராது.

இலக்கிய நாவலுக்கு மதிப்புரை பஞ்சம் இல்லை. அங்கே இருப்பது வேறு நோய். விருது வந்ததும் பாராட்டு வருகிறது, அடுத்த விருதுவரை மறதி வருகிறது. தேவிபாரதியின் ‘நீர்வழிப் படூஉம்’ 2023-ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதமி விருது பெற்றபோது எத்தனையோ வாழ்த்துகள் வந்தன. கொங்கு நாட்டு நாவிதர் குடும்பங்களின் கதை அது. காரு மாமாவின் சாவுக்குக் கூடும் உறவுகள் மூலமாகவே ஒரு வாழ்நாளும் ஒரு சமூகமும் நமக்குத் தெரிய வருகின்றன. யார் யாருக்கு என்ன முறை என்று முதல் ஐம்பது பக்கங்களில் திணறல் வரும். ஒரு தாளில் உறவு வரிசையை எழுதி வைத்துக்கொண்டு படித்தால் அந்தத் திணறல் போய்விடும். இந்தச் சின்ன யோசனையை எந்த மதிப்புரையும் சொல்லவில்லை. சாதாரண வாசகர் அந்த ஐம்பது பக்கத்தில்தான் புத்தகத்தை மூடி வைக்கிறார்.

கடல் கடந்தும் பார்க்க வேண்டும். மலேசியாவின் ம. நவீன் எழுதிய ‘பேய்ச்சி’யை அந்த நாட்டு உள்துறை அமைச்சகம் 2020-ல் தடை செய்தது. தடையைப் பற்றி இங்கே நிறையப் பேசினார்கள். அதில் வரும் தோட்டத்துப் பெண்களைப் பற்றி, பேய்ச்சி என்னும் நாட்டார் தெய்வம் நாவலை எப்படித் தாங்குகிறது என்பதைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு. ஷோபாசக்தியின் ‘இச்சா’வுக்கும் இதே கதிதான். அரசியலைப் பிடித்துக்கொண்டு நாவலை விட்டுவிட்டார்கள்.

மதிப்புரை எழுதுவதில் எனக்குச் சில பிடிவாதங்கள் உண்டு. முழுக் கதையையும் சொல்லமாட்டேன். பூனாச்சி கடைசியில் என்ன ஆனாள், ரேவதிக்கு என்ன நேர்ந்தது என்று இங்கேயும் நான் சொல்லவில்லை. பின்னட்டை வாசகத்தை நம்பி எழுதமாட்டேன். எழுதியவர் நண்பர் என்றால் அதை முதல் வரியிலேயே சொல்லிவிடுவேன். பிடிக்காத நாவலை மறுபடி ஒருமுறை முதலிலிருந்து படிப்பேன். தவறு என் அவசரத்திலா நாவலிலா என்று தெரிய வேண்டும். விலையையும் எழுதுவேன். நானூறு ஐந்நூறு ரூபாய் என்பது எங்கள் பக்கத்தில் நாள் கூலி. அந்தக் காசை ஒருவர் புத்தகத்துக்குக் கொடுக்கும்போது, அதற்கு ஈடு இருக்கிறதா என்று சொல்ல வேண்டியது மதிப்புரையாளர் கடமை. ஒரு பத்திரிகை ஒருமுறை என் குற்ற நாவல் மதிப்புரையை, எங்கள் தரத்துக்கு இது பொருந்தாது என்று திருப்பி அனுப்பியது. எழுத்து சரியில்லை என்று சொல்லியிருந்தால் ஒத்துக்கொண்டிருப்பேன். நாவலைப் படித்துப் பார்க்காமல் வகையை மட்டும் பார்த்துச் சொன்னதை இன்றும் ஒத்துக்கொள்ள முடியவில்லை.

சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் 1931-ல் நூலகவியலுக்கு ஐந்து விதிகள் கொடுத்தார். ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் உண்டு என்பது அவற்றில் ஒன்று. நூலகராக இருந்தபோது வாசகரையும் நூலையும் சேர்த்து வைத்தது என் வேலை. இப்போது அதே வேலையை எழுத்தில் செய்கிறேன். ஆனால் ஒருவன் எழுதினால் போதாது. அந்தச் சுமைத் தொழிலாளிக்கும் பெரியம்மாவுக்கும் தெரிந்தது அச்சில் வர வேண்டும்.

ஆகவே வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். இந்த ஆண்டு புத்தகக் கண்காட்சியில் நீங்கள் வழக்கமாக ஒதுக்கும் வகையிலிருந்து ஒரு நாவலை எடுங்கள். இலக்கியம் மட்டும் படிப்பவர் ஒரு குற்ற நாவலையும், மாத நாவல் மட்டும் படிப்பவர் ‘செல்லாத பண’த்தையும் எடுக்கலாம். காசு இல்லையென்றால் கிளை நூலகத்தில் கேளுங்கள்; இல்லையென்றால் வாங்கிவைக்கச் சொல்லி எழுதிக் கொடுங்கள். படித்து முடித்ததும் எது பிடித்தது, எந்தப் பக்கத்தில் சலித்தது, எங்கே ஆசிரியர் ஏமாற்றினார் என்று ஒரு பக்கம் எழுதுங்கள். அதைப் பதிப்பகத்தின் முகவரிக்கு, ஆசிரியர் பெயர் போட்டு அனுப்புங்கள். முகவரி புத்தகத்தின் நாலாம் பக்கத்தில் இருக்கும்.